எந்த மெசினில் ஓட்டியது?

ரத்தப் பரிசோதனை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேட்டார்கள். சிவகாசியில் ஒரே லேபில் முப்பத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவள் நான். எழுத உட்கார்ந்தால் நான் சாதித்தது எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. நான் செய்த ஒரு தப்பும், அதைப் பிடித்துக் காட்டிய ஒரு பெண்ணும்தான் வந்து முன்னால் நிற்கிறார்கள்.

அந்தப் பெண்ணின் பேரைச் சொல்ல மாட்டேன். நோயாளியின் பேர் நம் வாயிலிருந்து வெளியே வரக் கூடாது. நீங்களும் அதைப் பழகிக்கொள்ளுங்கள். எங்கள் லேபில் அவருக்கு வைத்திருந்த பேர் காலண்டர் அக்கா. திருத்தங்கலில் காலண்டர் அச்சடிக்கிற பிரஸ் ஒன்றில் செக்கிங் பிரிவில் வேலை. அச்சாகி வருகிற தாளை விரித்துப் பார்த்து, சாமி முகத்தில் கலர் சரியாக விழுந்திருக்கிறதா, தேதி சரியாக இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்குவார். படிப்பு பத்தாவது. வயது நாற்பத்தெட்டு இருக்கும். ஒல்லியான உடம்பு, நல்ல கூர்மையான கண்.

அவருக்குப் பெருங்குடலில் புற்றுநோய் வந்து மதுரையில் ஆபரேசன் முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்களிடம் வந்து ரத்தம் கொடுப்பார். நாங்கள் அதில் சி.இ.ஏ. என்கிற புரதத்தின் அளவைப் பார்த்து ரிப்போர்ட் கொடுப்போம். அதை எடுத்துக்கொண்டு மதுரை டாக்டரிடம் போவார்.

சி.இ.ஏ. என்றால் என்னவென்று உங்களுக்குப் பாடத்தில் சொல்லியிருப்பார்கள். பாடத்தில் சொல்லாததை நான் சொல்கிறேன். அது ஜோசியம் இல்லை. வாரம் ஒருவராவது வந்து, "கேன்சர் இருக்கான்னு பாக்க ஒரு டெஸ்ட் இருக்காம்ல, அதை எடுங்க மேடம்" என்று கேட்பார்கள். ஒரு ஃபோர்மேன் அப்படித் தானாகவே எடுத்துக்கொண்டு, அளவு கொஞ்சம் கூட இருக்கிறது என்று மூன்று நாள் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தார். விசாரித்தால் ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி. பீடி குடித்தாலே அது கொஞ்சம் ஏறும். கல்லீரல் கெட்டாலும் ஏறும், குடல் புண்ணுக்கும் ஏறும். சில பேருக்குக் கேன்சரே இருந்தாலும் ஏறாது. அதனால் ஆரோக்கியமாக இருக்கிறவருக்கு அதை எடுத்து நோய் இருக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் நோய் வந்து, ஆபரேசன் முடிந்து, அளவு இறங்கி ஒரு நிலையில் நிற்கிறது பாருங்கள், அந்த ஆளுக்கு அது தங்கம் மாதிரி. நோய் திரும்பி வந்தால் வலி வருவதற்கு முன்னால் அந்த எண் மெல்ல ஏறத் தொடங்கும். அதைச் சீக்கிரம் பிடித்தால் பிழைக்க வழி உண்டு. இரண்டு மாதம் தவறவிட்டால் வழி அடைந்து போகலாம்.

காலண்டர் அக்காவுக்கு ஆபரேசனுக்கு அப்புறம் அந்த எண் ஒன்றரைக்கும் ஒன்றே முக்காலுக்கும் நடுவிலேயே நின்றது. ஆறு தடவை அப்படி. ஏழாவது தடவை, ஆடி மாதம், 2.6. ஐந்துக்குள் இருந்தால் நார்மல் என்று எங்கள் ரிப்போர்ட்டில் அச்சாகியிருக்கும். நார்மல்தான். ஆனாலும் மதுரை டாக்டர் புருவத்தைச் சுருக்கி, "அடுத்த தடவை தள்ளிப் போடாம சரியா மூணு மாசத்துல எடுத்துட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

அந்த மூன்று மாதத்துக்குள் எங்கள் லேபில் புது மெசின் வந்து இறங்கியது.

பழைய மெசினுக்கு வயதாகி விட்டது, மணிக்குக் கொஞ்சம் சாம்பிள்தான் பார்க்கும். புதுசு அதைப் போல மூன்று மடங்கு ஓட்டும். எங்கள் லேபை நடத்துகிற பெரிய டாக்டர் ஆசை ஆசையாக வாங்கினார். மெசின் மாற்றும்போது ஒரு முறை உண்டு. பழையதையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே ரத்தத்தை இரண்டிலும் ஓட்டி, வித்தியாசத்தை எழுத வேண்டும். அதிலும் கேன்சர் நோயாளிகளைக் கூப்பிட்டு, ஒவ்வொருவருக்கும் இரண்டிலும் பார்த்து, புதுசில் அவருடைய தொடக்க அளவு இதுதான் என்று குறித்துக்கொள்ள வேண்டும். மூன்று வாரமாவது ஆகும். நான் மூன்று வாரத்துக்குத் திட்டம் போட்டு எழுதியும் வைத்திருந்தேன்.

பெரிய டாக்டர் வந்தார். "விஜயதசமிக்கு முதல் ரிப்போர்ட் புது மெசின்லதான் வரணும். நல்ல நாள் விட்டா அடுத்த வருசந்தான்" என்றார்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். பிரஸ்ஸில் புது மெசின் வந்தாலும் சரி, பட்டாசுக் கம்பெனியில் புது ஷெட் போட்டாலும் சரி, ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்து விஜயதசமிக்கு ஓட்டினால்தான் மனசு ஆறும். எனக்கும் அப்படித்தான். சந்தனத்தைக் கரைத்து அந்த மெசினுக்குப் பொட்டு வைத்ததே நான்தான். மூன்று வாரம் நான்கு நாளாகச் சுருங்கியது. சும்மா வந்த சாம்பிள் இருபதை இரண்டிலும் ஓட்டினேன். சர்க்கரை, உப்பு, தைராய்டு எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. சரிதான் என்று முடித்துக்கொண்டேன். கேன்சர் நோயாளிகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், தீபாவளி சீசன் முடியட்டும் என்று தள்ளி வைத்தேன். பெரிய டாக்டர் நாள்தான் குறித்தார். தள்ளி வைத்தது நான். இதை யார் மேலும் போட மாட்டேன்.

காலண்டர் அக்கா அடுத்த வாரம் காலையில் வந்து ரத்தம் கொடுத்தார். சீசன் நேரம். பட்டாசுக் கம்பெனி வேன்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்புவதற்கு முன்னால் ரத்தம் கொடுத்து விட்டுப் போகிற கூட்டம் வாசல் வரை நின்றது. சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. சி.இ.ஏ. 2.4.

எனக்கு உண்மையிலேயே சந்தோசம். 2.6 இருந்தது 2.4 ஆகியிருக்கிறதே! கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும்போது நானே வாய் விட்டுச் சொன்னேன். "குறைஞ்சிருக்கும்மா. சந்தோசமா போங்க. டாக்டரும் சந்தோசப்படுவாரு."

அவர் வாங்கிக்கொண்டு போனார். மதுரைக்குப் போவது அடுத்த திங்கள்கிழமை.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம் சாப்பாட்டு நேரம், நான் டிபன் பாக்ஸைத் திறந்து கை கழுவி விட்டு வருகிறேன், காலண்டர் அக்கா வந்து நிற்கிறார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் இரண்டு வருட ரிப்போர்ட்டும் வரிசையாக.

"என்னம்மா, ஏதும் விட்டுப் போச்சா?"

"இல்ல மேடம். ஒண்ணு கேக்கணும். இது எந்த மெசின்ல ஓட்டுனது?"

முப்பத்திரண்டு வருடத்தில் வேறு எந்த நோயாளியும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. எனக்குச் சுருக்கென்று வந்தது. கோபம் எனக்கு மூக்கு நுனியில் நிற்கும். என்னோடு வேலை பார்த்தவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

"எந்த மெசினா இருந்தா உங்களுக்கு என்னம்மா? நார்மல்னு வந்திருக்கு. நல்லது வந்தாலும் சந்தேகமா?"

அவர் கோபப்படவில்லை. டேபிளில் என் சாப்பாட்டுக்குப் பக்கத்திலேயே இரண்டு ரிப்போர்ட்டையும் விரித்து வைத்தார். விரல் எண்ணின் மேல் போகவில்லை. அதற்கு வலது பக்கம் பொடி எழுத்தில் இருக்கிற இடத்துக்குப் போனது.

"இதப் பாருங்க. ஆடி மாசம் குடுத்ததுல அஞ்சுக்குள்ள இருக்கணும்னு போட்டிருக்கு. இப்பக் குடுத்ததுல மூணுக்குள்ள இருக்கணும்னு போட்டிருக்கு. அளவுகோலே மாறிருக்கே மேடம். அப்பறம் எப்படிக் குறைஞ்சிருக்குன்னு சொல்றீக?"

நான் பார்த்தேன்.

புது மெசினுக்கு நார்மல் அளவு வேறு. கம்ப்யூட்டரில் அதை மாற்றிப் போட்டதும் நானே. தினமும் அது அச்சாகி என் கண் முன்னால்தான் போகிறது. கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருக்கிறேன். அது ரிப்போர்ட்டின் ஓரத்தில் இருக்கிற ஒரு வரியாகத்தான் என் கண்ணுக்குப் பட்டதே தவிர, பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் வைத்துக் குறைந்தது, கூடியது என்று சொல்லும் வாயைக் கட்டுகிற விசயமாகப் படவில்லை.

"எங்க பிரஸ்ல ஒரே பிளேட்டு, ஒரே இங்க்குதான் மேடம்," என்றார் அக்கா. "ரெண்டு மெசின்ல ஓட்டுனா முருகன் கன்னம் ஒண்ணுல ரோசா இருக்கும், இன்னொண்ணுல மஞ்சள் அடிக்கும். ரெண்டும் தப்பில்ல. ஆனா ரெண்டையும் கலந்து ஒரே பண்டல்ல போட்டா ஆர்டர் திரும்பி வந்துரும். அதான் ஒவ்வொரு பண்டல்லயும் எந்த மெசின்னு சீட்டு வைப்போம். நீங்க சீட்டு வைக்கலையேன்னு கேட்டேன்."

இதை அவர் சண்டைக்காகச் சொல்லவில்லை. குரலில் குத்தல் இல்லை. வேலையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது போலச் சொன்னார். எனக்குத்தான் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. நான் அச்சாபீஸ் பக்கம் போனதே இல்லை. அவர் லேபுக்குள் வேலை பார்த்ததில்லை. ஆனால் மெசினைப் பற்றி எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது அவருக்குத் தெரிந்திருந்தது.

பதில் சொல்ல எனக்கு இரண்டு வழி இருந்தது. "ரெண்டும் நார்மல்தாம்மா, டாக்டர்கிட்ட காட்டுங்க, அவர் பாத்துக்கிருவாரு" என்று சொல்லி அனுப்பி விடலாம். அதில் பொய்யும் இல்லை. அச்சாகியிருப்பதெல்லாம் உண்மைதான். கூட்டமும் இருந்தது. இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்கும் இப்படி ஒரு மத்தியானம் வரும். எல்லா எண்ணும் சரியாக இருக்கும், அப்படியே விட்டு விட்டால் யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது. அப்போது என்ன செய்கிறீர்கள் என்பதுதான் இந்த வேலை.

நான் டிபன் பாக்ஸை மூடினேன். "இருங்கம்மா. ஒரு மணி நேரம் இருக்க முடியுமா?"

"இருக்கேன். அரை நாள் லீவு சொல்லிட்டுத்தான் வந்தேன்."

ரத்தத்திலிருந்து பிரிக்கிற தெளிந்த நீரை, சீரத்தை, நாங்கள் ஒரு வாரத்துக்குக் குளிரில் வைத்திருப்போம். அவருடையதும் இருந்தது. பழைய மெசின் பின்னறையில் ஒரு போர்வை போர்த்தி நின்றது, போன வருட ஆயுத பூஜைச் சந்தனம் காய்ந்து உதிர்ந்து போய். அதற்கு ஊற்றுகிற ரசாயன கிட் ஒரு டப்பா மிச்சம், தேதி இன்னும் முடியவில்லை. மெசினை உயிர்ப்பித்து, முதலில் அளவு தெரிந்த சாம்பிளை ஓட்டி, அது சரியாக வருகிறது என்று உறுதி செய்து விட்டு அக்காவின் சீரத்தை வைத்தேன். ஒரு தடவை போதாது என்று இரண்டு தடவை.

4.3. மறுபடியும் 4.3.

அதே ரத்தம். நான் குறைந்திருக்கிறது என்று வாழ்த்துச் சொல்லி அனுப்பிய ரத்தம். பழைய மெசினில், அவருடைய பழைய கணக்கில், மூன்று மாதத்தில் 2.6 ஏறி 4.3 ஆகியிருந்தது. ஐந்துக்குள் என்பதால் அங்கும் நார்மல்தான். ஒற்றை ரிப்போர்ட்டாகப் பார்த்தால் எவரும் சிவப்புக் கோடு போட மாட்டார்கள். வரிசையாகப் பார்த்தால் ஏறிக்கொண்டே போகிறது.

மதுரை டாக்டருக்குப் போன் செய்தேன். ஆபரேசன் அறையில் இருந்தார். காத்திருந்து, அவர் வந்ததும், நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். மெசின் மாற்றியது, சேர்த்துப் பார்க்காமல் கொடுத்தது, இப்போது பார்த்தது. "அந்த 2.4 என்கிட்ட வந்திருந்தா ஆறு மாசம் கழிச்சு வாங்கன்னு அனுப்பியிருப்பேன்மா" என்றார். அப்புறம், "மூணு வாரத்துல அதே பழைய மெசின்ல திரும்பப் பாருங்க. கூடியிருந்தா ஸ்கேன் எடுத்துருவோம்."

வெளியே அக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இப்படி ஒரு செய்தியைச் சொல்வது டாக்டரின் வேலை, நம் வேலை இல்லை. ஆனால் தப்பு என்னுடையது, அதைச் சொல்வது என் வேலை.

"நீங்க கேட்டது சரிதாம்மா. மெசின் மாறிருக்கு. பழைய மெசின்ல பாத்தா ஏறிருக்கு. இன்னும் நார்மலுக்குள்ளதான் இருக்கு, ஆனா ஏறிருக்கு. திரும்ப ஒருக்கா பாக்கணும்னு டாக்டர் சொல்றாரு. நான் பாக்காமக் குடுத்துட்டேன். என்னைய மன்னிச்சுருங்க."

அவர் முகம் வெளுத்தது. சேலைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். அவருக்கு ஒரு பெண், ஒரு பையன்; பெண்ணுக்கு அப்போதுதான் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு நிமிடம் இருக்கும். நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்தார். குடித்து விட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இந்தப் புது மெசின்ல என்னைய மாதிரி ஆளுக இன்னும் எம்புட்டுப் பேருக்குப் பாத்திருக்கீக?"

தன் வயிற்றுக்குள் நோய் திரும்பியிருக்கலாம் என்று தெரிந்த மூன்றாவது நிமிடம் அது. நான் அவர் ஒருத்தருக்காகத்தான் அந்த ஒரு மணி நேரம் ஓடியிருந்தேன். மற்றவர்களைப் பற்றி எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு தாளில் கலர் பிசகியிருந்தால் அந்தத் தாளை மட்டும் எடுத்துப் போட்டு விட்டு உட்கார மாட்டார்கள் போல. மெசினை நிறுத்தி, ஓடியது முழுவதையும் புரட்டுவார்கள் போல. அது அவருக்குக் கையிலேயே ஊறியிருந்தது.

எண்ணிப் பார்த்து அவரிடம் சொன்னேன். அவரைச் சேர்க்காமல் பதினொரு பேர். குடல், இரைப்பை, கல்லீரல், கணையம் என்று ஆபரேசனோ மருந்தோ முடிந்து கண்காணிப்பில் இருந்தவர்கள். சிலருக்கு சி.இ.ஏ., சிலருக்கு அதே மாதிரி கேன்சரைக் கண்காணிக்கிற வேறு மார்க்கர். எல்லாருக்கும் புது மெசினில் பார்த்துப் பழைய கணக்கோடு சேர்க்காமல் கொடுத்திருந்தேன்.

பெரிய டாக்டரிடம் போனேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. "எல்லாருக்கும் போன் போட்டுத் தப்பாக் குடுத்துட்டோம்னா சொல்லப் போறீங்க? சிவகாசி சின்ன ஊரு. நாளைக்கு ஒரு ஆள் நம்ம படி ஏற மாட்டான்" என்றார். நான், "நீங்க சொல்லலைன்னா என் சொந்தப் போன்ல சொல்லுவேன் டாக்டர், அப்பறம் வேலையை விட்டுட்டுப் போறேன்" என்றேன். கோபத்தில் சொன்னதுதான். வேலையை விட்டால் வீட்டில் அடுப்பு எரிவது கஷ்டம் என்பது வாசலுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

மறுநாள் காலையில் அவர் என்னை அழைத்து ஒரு கடிதம் காட்டினார். அவரே எழுதி, தன் பேரில் கையெழுத்துப் போட்டு, ஒவ்வொரு நோயாளியின் டாக்டருக்கும் ஒன்று. மெசினை மாற்றினோம், ஒப்பிட்டுப் பார்க்காமல் கொடுத்தது எங்கள் பிழை, திரும்ப வந்தால் இரண்டு மெசினிலும் பார்த்துத் தருகிறோம் என்று. பழைய மெசினுக்கு இன்னும் இரண்டு டப்பா கிட்டுக்கும் சொல்லி விட்டிருந்தார். அந்த மனிதரை நான் எத்தனையோ விசயத்துக்குத் திட்டியிருக்கிறேன். அன்றைக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

நான் ஒவ்வொருவராகப் போன் செய்தேன். "நீங்கல்லாம் என்னத்த லேப் நடத்துறீக?" என்று ஒருத்தர் கிழி கிழி என்று கிழித்தார். ஒரு அம்மா போனிலேயே அழுதார். சிவகாசியில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற பாய் ஒருவர், கணையத்தில் ஆபரேசன் ஆனவர், "நீங்களாச் சொல்லாட்டி எங்களுக்கு எங்கன தெரியப் போகுது மேடம்? சொன்னீகளே, அதுவே போதும். நாளைக்கே வர்றேன்" என்றார். பத்துப் பேர் வந்தார்கள். ஒன்பது பேருக்கு இரண்டு மெசினிலும் நிலை மாறவில்லை. ஒருத்தருக்கு மட்டும் ஏற்றம் தெரிந்து, அவருடைய டாக்டர் மருந்தை மாற்றினார்.

பதினொன்றாவது ஆளுக்குப் போன் போகவில்லை. கொடுத்திருந்த நம்பர் உபயோகத்தில் இல்லை. இரண்டு நாள் முயற்சி செய்தேன். அவருடைய டாக்டருக்குக் கடிதம் போயிருக்கிறது, அவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டு விட்டேன். பத்துப் பேருக்குச் சொன்னதே பெரிய காரியம் என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி. சீசன் வேலை, தீபாவளி, அப்புறம் ஊரெல்லாம் காய்ச்சல்.

காலண்டர் அக்காவுக்கு மூன்று வாரத்தில் 6.1 வந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரலில் ஒரே ஒரு புள்ளி, நெல்லிக்காயை விடச் சின்னது. வேறு எங்கும் இல்லை. வெட்டி எடுக்கலாம் என்றார் டாக்டர், ஆறு மாதம் கழித்து வந்திருந்தால் இப்படிச் சொல்லியிருக்க முடியாது என்றும் சொன்னார். மார்கழியில் ஆபரேசன் நடந்தது. உங்களைத் தவிக்க விட எனக்கு மனசில்லை. முன்னாலேயே சொல்லி விடுகிறேன். அக்கா நன்றாக இருக்கிறார். மகளுக்குக் கல்யாணம் முடிந்து பேத்தி பிறந்து விட்டது. மெசினின் பேரை ரிப்போர்ட்டின் தலையில் கொட்டை எழுத்தில் போடுகிற வழக்கம் எங்கள் லேபில் அவர் வைத்ததுதான்.

நான் சொல்ல வந்தது வேறு. ஆபரேசன் முடிந்து ஐந்தாம் நாள் மதுரைக்கு அவரைப் பார்க்கப் போனேன். வார்டில் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வயிற்றில் குறுக்கே தையல், மூச்சு விட்டாலே முகம் சுளிக்கிறார். ஹார்லிக்ஸ் பாட்டிலையும் ஆப்பிளையும் ஓரமாக வைத்தேன். "எப்படி இருக்கீங்கம்மா?" என்றேன்.

"கெடக்கேன் மேடம். அந்தப் பதினொரு பேருக்கும் சொல்லியாச்சா?"

"பத்துப் பேருக்குச் சொல்லியாச்சும்மா."

"இன்னொருத்தரு?"

"போன் போகல. நம்பர் மாறிப் போச்சு போல. அவரு டாக்டருக்கு லெட்டர் போட்டிருக்கு."

"அவரு டாக்டர்கிட்டப் போனாத்தான அந்த லெட்டரு அவருக்குத் தெரியும்? நார்மல்னு நீங்க எழுதிக் குடுத்திருக்கீக. அவரு ஏன் போறாரு?" கையை வயிற்றில் வைத்து வலியை அடக்கிக்கொண்டு கேட்டார். "ஊருப் பேரு இருக்கும்ல?"

இருந்தது. தாயில்பட்டி. எங்கள் லேபிலிருந்து ஒரு மணி நேரப் பஸ். இரண்டு மாதத்துக்கு மேலாக நான் ஏறாத பஸ்.

மறுநாள் காலையில் ஊசி, குழாய்கள், ஐஸ் பெட்டி எல்லாம் ஒரு கூடையில் எடுத்துக்கொண்டு ஏறினேன். வெம்பக்கோட்டை வழியாகப் போகிற பஸ்ஸில் பட்டாசு வேலைக்குப் போகிற பெண்கள் இடம் விட்டு உட்கார வைத்தார்கள். தாயில்பட்டியில் இறங்கி டீக்கடையில் பேரைச் சொல்லிக் கேட்டேன். "அந்தா, சோளக்காட்டுல நிப்பாரு" என்று கை காட்டினார்கள். அவர் இருக்கிறார் என்று தெரிந்ததே எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

கரிசல் காட்டில் மக்காச்சோளம் அறுத்துக்கொண்டிருந்தார்கள். அறுபத்தைந்து வயது மனிதர், தலையில் துண்டு கட்டி, கதிர்களை ஒரு பக்கம் குவித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் குடலில்தான் ஆபரேசன், ஒன்றரை வருடம் முன்னால். பக்கத்தில் மனைவி.

"சிவகாசி லேப்ல இருந்து வர்றேன்யா."

"அடடே, வாங்க வாங்க. என்ன இம்புட்டுத் தூரம்? சாப்பிட்டீகளா?"

நின்றுகொண்டே சொன்னேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் வாயில் வரவில்லை. "அய்யா, உங்க ரிப்போர்ட்டு நார்மல்னு எழுதிக் கொடுத்தேன்ல. மெசின் மாத்தியிருந்தோம். உங்க பழைய கணக்கோட சேத்துப் பாக்காமக் குடுத்துட்டேன். மத்தவங்களுக்கெல்லாம் அப்பவே சொல்லித் திரும்பப் பாத்தாச்சு. உங்களுக்குப் போன் போகலன்னு விட்டுட்டேன். ரெண்டு மாசத்துக்கு மேல ஆயிருச்சு. தப்பு என்னோடதுதான்."

"அடியாத்தி!" என்று அந்த அம்மா கதிரைக் கீழே போட்டார். "நல்லாருக்குன்னு சொன்னீகன்னுதான மதுரைக்குப் போகாம இருந்துட்டோம். இப்ப வந்து நின்னு இப்படிச் சொன்னா என்ன அர்த்தம்? நல்லா இருக்குற மனுசன எதுக்கு வந்து பயங்காட்டுறீக?"

நான் தலையைக் குனிந்து நின்றேன். அந்த அம்மா சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. பெரியவர் தலைத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். கூடையைப் பார்த்தார். போன் போகாவிட்டால் எனக்கு ஏன் ஒரு கடிதம் போடவில்லை, ஏன் இவ்வளவு நாள் என்று கேட்பார் என்று காத்திருந்தேன்.

"சும்மா இரு நீ," என்றார் மனைவியிடம். "சொல்லணும்னு தேடி வந்திருக்காகள்ல." பிறகு என் பக்கம் திரும்பி, "ஊசி கொண்டாந்திருக்கீகளா?" என்றார்.

"கொண்டாந்திருக்கேன்யா."

வரப்பில் உட்கார்ந்தார். கையில் ஒட்டியிருந்த சோளத் தூசியைத் துண்டால் தட்டி விட்டு என் முன்னால் நீட்டினார். நானும் எதிரில் உட்கார்ந்து கட்டு ரப்பரைக் கட்டினேன். முப்பது வருடம் ஊசி பிடித்தவள், எத்தனை ஆயிரம் நரம்பைப் பார்த்தவள், அன்றைக்குத் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"பதறாதீக," என்றார் அவர். "மெதுவா எடுங்க."